எப்சிலான் ஏ.இ. சாருக்கு, டெல்டா அப்பாவுக்கு

"நெருங்கும், ஆனா தொடாதுன்னு சொல்றீங்களே மிஸ், அப்ப எவ்வளவு தூரத்துல நிக்கும்?"

போன வியாழக்கிழமை சாயந்தரம் கணக்கு ட்யூஷனில், எல்லை (லிமிட்) பாடம் நடத்தும்போது ஒரு பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை இப்படிக் கேட்டது. மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே கேள்வியை 1995-ல் நானும் கேட்டிருக்கிறேன். "போர்டுல இருக்கறத எழுதிக்கிட்டு உட்காரு, பெரிய விஞ்ஞானி" என்று பதில் வந்தது. உட்கார்ந்துவிட்டேன். கும்பகோணத்தில் பி.எஸ்சி. கணிதம் முடிக்கிற வரைக்கும் எல்லைக் கணக்குகளைப் போட்டு மார்க் வாங்கினேனே தவிர, எல்லை என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

பாதிக் குற்றம் அந்தச் சொல்லின் மேல். எங்கள் வீட்டில் எல்லை என்றால் கல். சித்தப்பா வருஷா வருஷம் அண்டை வெட்டும்போது வரப்பை ஒரு விரற்கடை எங்கள் பக்கம் தள்ளுவார். அம்மா வயலில் நின்று கத்துவாள். கடைசியில் சர்வேயர் வந்து சங்கிலி பிடித்து எல்லைக் கல் நட்டுவிட்டுப் போனார். அதைத் தாண்டினால் சண்டை. இந்த எல்லையோடுதான் நான் பிளஸ் ஒன் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். வளைகோடு ஒன்று ஒரு புள்ளிக் கோட்டை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும், தொட மாட்டேன் என்று அடம் பிடிக்கும் என்பதுதான் என் மனதில் இருந்த படம். கருவேல முள் வேலிக்குப் பக்கத்தில் மாடு போய் நிற்கிற மாதிரி.

ஆசிரியர்கள் எல்லோரும் சொல்லும் அந்த 'நெருங்கும், ஆனால் தொடாது' தப்பான வாக்கியம் இல்லை. யார் தொடக்கூடாது என்பதை அதில் விட்டுவிடுகிறார்கள், அதுதான் கோளாறு. எக்ஸ் 3-ஐ நெருங்கும்போது சார்பு (எக்ஸைப் போட்டால் ஒரு மதிப்பைத் தருகிற விதி) 7-ஐ நெருங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 3-ஐத் தொடாதே என்ற கட்டளை எக்ஸுக்கு மட்டும்தான். சார்பின் மதிப்புக்கு அப்படி எந்தக் கட்டளையும் இல்லை. அது 7-ஐத் தொடலாம், தாண்டிப் போய்த் திரும்பி வரலாம், முதலிலிருந்தே 7-லேயே குந்தியிருக்கலாம். எங்கே போனாலும் எப்போதும் 7 என்று இருக்கிற மாறிலிச் சார்புக்கு எல்லை என்ன? 7-தான். அது எதையும் நெருங்கவே இல்லையே என்று நான் ஒரு ராத்திரி முழுக்கக் குழம்பியிருக்கிறேன்.

எக்ஸை மட்டும் ஏன் தொடவிடுவதில்லை? இதற்கு என்னிடம் இருக்கிற ஒரே நல்ல விளக்கம் என் அப்பாவின் ஷட்டர்.

அப்பா லஸ்கர். டெல்டாவுக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: பி.டபிள்யூ.டி.யில் ஷட்டர் ஏற்றி இறக்கி, தண்ணீர் மட்டம் பார்த்து எழுதி வைக்கிறவர்தான் லஸ்கர். நீடாமங்கலம் பக்கத்தில் மூணாறு தலைப்பு என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கேதான் ஆறு வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிறது. அப்பாவின் மதகு அதற்கும் கீழே, கோரையாற்றிலிருந்து பிரிகிற ஒரு வாய்க்கால் தலைப்பில். மேட்டூரை ஜூன் 12-ல் திறந்துவிட்டால் அதற்கப்புறம் அப்பாவுக்குத் தீபாவளி கிடையாது, பொங்கல் கிடையாது.

மதகில் இரண்டு அளவுக் கல் உண்டு. ஷட்டருக்கு மேல்பக்கம் ஒன்று, கீழ்பக்கம் ஒன்று. மேல்பக்கம் ஐந்தடி இருக்கும்போது கீழ்பக்கம் மூன்றடிதான் இருக்கும். மேற்கிலிருந்து கரையோரமாக நடந்து வந்தால் தண்ணீர் ஐந்தடி, ஐந்தடி, ஐந்தடி, ஷட்டரில் கை வைக்கிற வரைக்கும் ஐந்தடி. கிழக்கிலிருந்து வந்தால் மூன்றடி. சரி, ஷட்டர் நிற்கிற இடத்திலேயே எவ்வளவு? அங்கே தண்ணீரே இல்லை, இரும்புத் தகடு. சின்ன வயதில் நான் அப்பாவிடம் இதைக் கேட்டதும், "ஷட்டர்ல எவ்வளவுன்னு எவனாவது கேட்டா, எந்தப் பக்கம்னு திருப்பிக் கேளு" என்றார். இடப்பக்க எல்லை 5, வலப்பக்க எல்லை 3, இரண்டும் சமமில்லை, ஆகவே எல்லை இல்லை. பாடப்புத்தகத்தில் அரைப் பக்கம் வருகிற சமாச்சாரத்தை எட்டாவது வரை படித்தவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். ஐப்பசி அடைமழையில் ஷட்டரைத் தண்ணீருக்கு மேலே முழுசாகத் தூக்கிவிட்டால் இரண்டு கல்லும் ஏறக்குறைய ஒரே மட்டம் காட்டும். அப்போது யாரும் 'எந்தப் பக்கம்' என்று கேட்க வேண்டியதில்லை.

இன்னொரு சங்கதி அப்பாவின் நோட்டில் இருந்து. மணிக்கொரு தரம் மட்டம் எழுதுகிற நீள நோட்டு அது. ஒரு நாள் ஏழு மணிக்கு 3.0, எட்டுக்கு 3.0, ஒன்பதுக்கு 30, பத்துக்கு 3.0 என்று இருந்தது. புள்ளி விட்டுப்போச்சு. செக்கிங் வந்த ஏ.இ. (உதவிப் பொறியாளர்) சார், "ஏன்யா, ஒம்பது மணிக்கு மட்டும் ஆத்துல முப்பதடியா?" என்று கேட்டுவிட்டுத் தானே புள்ளி வைத்துவிட்டுப் போனாராம். அவர் எப்படிக் கண்டுபிடித்தார்? ஒன்பது மணிக் கட்டத்தை அவர் நம்பவில்லை. அதன் இரண்டு பக்கமும் என்ன நடக்கிறது என்று பார்த்தார். எல்லை என்பது அந்தப் பார்வைதான். அந்தப் புள்ளியில் என்ன எழுதியிருக்கிறது, தப்பாக எழுதியிருக்கிறதா, எலி கடித்துக் கட்டமே இல்லையா என்பதையெல்லாம் அது கண்டுகொள்வதில்லை. அதனால்தான் எக்ஸ் அந்த இடத்துக்கு வரவே வேண்டாம் என்று விலக்கி வைக்கிறோம். அக்கம்பக்கம் சொல்கிற மதிப்பும் அந்தக் கட்டத்தில் எழுதியிருக்கிற மதிப்பும் ஒத்துப்போனால் அதற்குத் தொடர்ச்சி என்று பெயர். அது அடுத்த பாடம்.

எலி கடித்த கட்டம் கணக்கில் எப்படி வரும்? எக்ஸோடு 4-ஐக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள், அதிலிருந்து 2-ஐக் கழியுங்கள், வந்ததை எக்ஸால் வகுங்கள். எக்ஸ் 0 ஆனால் மேலேயும் பூஜ்யம், கீழேயும் பூஜ்யம். இதைத் 'தேறப்பெறாத வடிவம்' என்கிறார்கள். பரீட்சையில் தேறாதவன் மாதிரி அதை ஓரமாக நிற்க வைத்திருப்பது எனக்குப் பிடிக்கும். சரி, அக்கம்பக்கம் விசாரிப்போம். எக்ஸ் 0.1 என்றால் 0.2485 வருகிறது. 0.01 என்றால் 0.2498. அந்தப் பக்கம் −0.1 என்றால் 0.2516, −0.01 என்றால் 0.2502. இரண்டு பக்கத்துக்காரர்களும் 0.25 என்று கை காட்டுகிறார்கள். தொகுதியையும் பகுதியையும் இணை எண்ணால் (அதே வர்க்கமூலத்தோடு 2-ஐக் கழிக்காமல் கூட்டினது) பெருக்கினால் அந்த எக்ஸ் அடிபட்டுப்போய் 1/4 என்று சுத்தமாக நிற்கும். அங்கே எக்ஸை அடிக்க உரிமை எங்கிருந்து வந்தது? எக்ஸ் பூஜ்யம் ஆகாது என்ற அதே கட்டளையிலிருந்துதான். தொடாதே என்று சொன்னதால்தான் வகுக்க முடிகிறது. இந்த ஒரு வரியை யாராவது எனக்கு அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.

இப்படி அட்டவணை போட்டுப் பார்ப்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு அப்படியே விட்டால் ஆபத்து. ஒரு வருஷம் தண்ணீர் தட்டுப்பாடு. காலை ஆறு மணி அளவை மட்டும் மேலே சொன்னால் போதும் என்று இருந்தது. ராத்திரி முழுக்க மடையெல்லாம் அடைத்துத் தேங்கின தண்ணீர் ஆறு மணிக்கு டாண் என்று மூன்றடி காட்டும். ஒன்பது மணிக்கு வயல்காரர்கள் மடையைத் திறந்ததும் இரண்டடிக்கு இறங்கிவிடும். பேப்பரில் மாசம் பூராவும் மூன்றடி. கடைமடையிலோ நாற்று காய்கிறது. யாரும் பொய் எழுதவில்லை, பார்த்த நேரம்தான் அப்படி.

பை-யை எக்ஸால் வகுத்து அதற்கு சைன் எடுத்தால் வருகிற சார்பும் இதே வேலையைச் செய்யும். எக்ஸுக்கு 0.1, 0.01, 0.001 என்று போட்டுப் பாருங்கள். 10 பை, 100 பை, 1000 பை ஆகிறது, சைன் எல்லாம் பூஜ்யம். ஆகா, எல்லை பூஜ்யம் என்று எழுதத் தோன்றும். இப்போது 2/41, 2/401, 2/4001 என்று போடுங்கள். இவையும் பூஜ்யத்தை நோக்கித்தான் போகின்றன, ஆனால் ஒவ்வொரு முறையும் விடை 1. ஆறு மணிக்குப் போனால் பூஜ்யம், ஒன்பது மணிக்குப் போனால் ஒன்று. எல்லையே கிடையாது. அதே குடும்பத்தில் சாதுவான பிள்ளையும் உண்டு. 1-ஐ எக்ஸால் வகுத்து, சைன் எடுத்து, அதை எக்ஸாலேயே பெருக்குவது. இதுவும் குதிக்கும், ஆனால் எக்ஸ், −எக்ஸ் என்ற இரண்டு கரைக்கு நடுவே குதிக்கும். அந்தக் கரைகள் பூஜ்யத்தில் கூம்பி ஒன்றாகிவிடுகின்றன. தண்ணீர் எவ்வளவு அலைந்தாலும் கரை குறுகினால் அதுவும் குறுகித்தானே ஆகணும்? எல்லை பூஜ்யம். போகிற வழியில் அது எத்தனை தடவை பூஜ்யத்தைத் தொட்டுத் தாண்டிப் போகிறது என்றால், எண்ணி முடியாது. என் எல்லைக் கல்லுக்கு இங்கேதான் முழுக்குப் போட்டேன்.

இனி எப்சிலான், டெல்டா என்ற இரண்டு கிரேக்க எழுத்துகள். வியாழக்கிழமை கேட்ட அந்த 'எவ்வளவு தூரத்துல நிக்கும்' என்ற கேள்விக்குப் பதில் இங்கே இருக்கிறது. டெல்டா என்று சொன்னதும், "நம்ம டெல்டாவா மிஸ்?" என்று பின்வரிசையில் ஒரு குரல். ஆமாம் என்றேன். அந்த கிரேக்கப் பெரிய எழுத்து முக்கோணமாக இருக்கும், ஆற்று முகத்துவாரமும் அந்த வடிவில் இருந்ததால்தான் அந்தப் பெயர். கணக்கில் வருவது அதன் தம்பி, சின்ன எழுத்து.

அப்பாவின் ஷட்டரில் நடுவே ஒரு திருகுக் கம்பி. கைப்பிடியை மாட்டிச் சுற்றினால் ஷட்டர் ஏறும். கிரீஸ் வாசனையும் தண்ணீர் இரைச்சலும் கலந்து, அதன் மேல் நின்றால் காலுக்குக் கீழே பாலம் லேசாக நடுங்கும். 12 சுற்று தூக்கினால் கீழ்பக்கம் 36 அங்குலம், அதாவது மூன்றடி. அந்த இடத்தில் ஒரு சுற்றுக்கு 3 அங்குலம் கூடும், குறையும். (நிஜ ஷட்டர் இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளாது. மேல்பக்கத்து மட்டம் மாறினால் எல்லாமே மாறும். ட்யூஷனுக்காக நான் நேராக்கிக்கொண்டேன்.) இதில் ஒரு வேடிக்கை. பல வருஷம் அதே 12-லேயே நிறுத்தி நிறுத்தி, சரியாக அந்த இடத்தில் மரை தேய்ந்துபோய்விட்டது. 12-ல் விட்டால் நழுவும். அதனால் அப்பா கொஞ்சம் முன்னேயோ பின்னேயோதான் நிறுத்துவார்.

ஏ.இ. சார் வருகிறார். "கீழ மூணடி வேணும், ஒரு அங்குலம் முன்னபின்ன இருந்தா பரவால்ல." அந்த ஒரு அங்குலம்தான் எப்சிலான். அப்பா மனக்கணக்குப் போடுகிறார். 12-க்கு மூன்றில் ஒரு சுற்றுக்குள் நிறுத்தினால் போதும். அந்த மூன்றில் ஒரு சுற்றுதான் டெல்டா. மறுநாள் சார் கறாராகிவிட்டார்: "அரை அங்குலம்தான் தருவேன்." அப்பா ஆறில் ஒரு சுற்று. கைப்பிடி சுற்றுகிற தட்டில் சாக்பீஸால் ஆறு கோடு போட்டு வைத்திருந்தார், நானே பார்த்திருக்கிறேன். கால் அங்குலம் என்றால் பன்னிரண்டில் ஒரு சுற்று. சார் எவ்வளவு இறுக்கினாலும் அதை மூன்றால் வகுத்தால் அப்பாவின் பதில் தயார். இந்த ஆட்டத்தில் சாரால் ஜெயிக்கவே முடியாது என்றால், 12-ல் எல்லை 36. மரை தேய்ந்த அந்தப் 12-ல் ஒருநாளும் நிறுத்தவில்லை என்றாலும் எல்லை 36-தான்.

பிள்ளைகள் தடுக்கி விழுகிற இடம் இரண்டு. ஒன்று, வரிசை. முதலில் பேசுவது சார். அவர் எப்சிலானைச் சொல்லாமல் அப்பா டெல்டாவைச் சொல்ல முடியாது. பரீட்சைத் தாளில் பாதிப்பேர் டெல்டாவிலிருந்து தொடங்குவார்கள். சார் வருவதற்கு முன்னாலேயே கைப்பிடியைச் சுற்றிவிட்டு 'இப்ப வந்து பாருங்க' என்பது மாதிரி. இரண்டாவது, டெல்டா ஒன்றே ஒன்றுதான் என்ற பயம். "மூன்றில் ஒரு பங்கு வரலை மிஸ், எனக்கு நாலில் ஒரு பங்கு வந்துச்சு" என்று கண்ணைக் கசக்கினாள் ஒருத்தி. தாராளமாக வரட்டும். மூன்றில் ஒரு சுற்று போதும் என்கிற இடத்தில் கால் சுற்றுக்குள் நிறுத்தினால் சார் திட்டவா போகிறார்?

ஐந்தடியும் மூன்றடியுமாக நிற்கிற மதகுக்கு வாருங்கள். ஷட்டர் இடத்தில் எல்லை நாலடி என்று யாரோ சமரசம் செய்கிறார்கள். சார், "அரையடிக்குள்ள காட்டு" என்கிறார். எவ்வளவு கிட்டே போனாலும் ஒரு பக்கம் ஐந்து, இன்னொரு பக்கம் மூன்று. நாலுக்கு அரையடிக்குள் எதுவுமே இல்லை. அப்பாவிடம் பதில் இல்லை. சமரசம் செல்லாது.

இதெல்லாம் புரிய எனக்கு இத்தனை வருஷம் ஆனதே என்று வெட்கமாக இருந்தது, இந்த எல்லையின் வரலாற்றுக் கதையைப் படிக்கிற வரைக்கும். நியூட்டனும் லைப்னிட்ஸும் நுண்கணிதத்தை (கால்குலஸ்) 1600-களின் பிற்பகுதியில் உண்டாக்கினார்கள். வேலை நடந்தது, விளக்கம் வரவில்லை. பூஜ்யம் இல்லை என்று வகுத்துவிட்டு, அடுத்த வரியிலேயே பூஜ்யம்தான் என்று தூக்கி எறிகிறீர்களே, இவை என்ன செத்துப்போன அளவுகளின் ஆவியா என்று பெர்க்லி என்ற பாதிரியார் 1734-ல் கேலி பண்ணினார். நியாயமான கேலி. கணித அறிஞர்கள் போல்சானோ 1817-லும் கோஷி 1821-லும் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள். இன்றைக்கு நாம் மனப்பாடம் செய்கிற வடிவத்தை வயர்ஸ்ட்ராஸ் தன் வகுப்புகளில் சொல்லித் தேய்த்துப் பளபளப்பாக்கினார். அத்தனை பெரிய மூளைகளுக்கே நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. மன்னார்குடியில் நாற்பத்தைந்து நிமிஷத்தில் புரியவில்லை என்றால் பிள்ளையை வைதால் எப்படி?

எல்லைக் குறியீட்டின் கீழே போடுகிறோமே அந்த அம்புக்குறி, அதைப் பரப்பியதில் பெரும்பங்கு 1908-ல் வந்த, ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டியின் பாடப்புத்தகத்துக்கு. அதே ஹார்டிக்குத்தான் 1913-ல் ராமானுஜன் கடிதம் எழுதினார். கல்லூரி நாட்களில் சாரங்கபாணி சன்னதித் தெருவில் ராமானுஜன் வளர்ந்த அந்த ஓட்டு வீட்டைத் தாண்டி எத்தனையோ தடவை போயிருக்கிறேன், கையில் அம்புக்குறி போட்ட நோட்டோடு, ஒன்றும் புரியாமல்.

ஒரு வயிற்றெரிச்சலையும் கொட்டிவிடுகிறேன். இப்போது பிள்ளைகள் யூட்யூப் பார்த்துவிட்டு வந்து எதற்கெடுத்தாலும் லோபிதால் விதியை (மேலேயும் கீழேயும் வகைக்கெழு எடுத்து எல்லை காண்கிற விதி) தூக்குகிறார்கள். சைன் எக்ஸை எக்ஸால் வகுத்தால் பூஜ்யத்தில் எல்லை 1 என்பதற்கும் அதுதான். சைனின் வகைக்கெழு கொசைன் என்று கண்டுபிடிக்கவே அந்த எல்லை வேண்டுமே அம்மா என்றால் முழிக்கிறார்கள். கடன் வாங்கின வீட்டிலேயே கொண்டுபோய் மொய் எழுதுகிற கதை.

வியாழக்கிழமைப் பிள்ளைக்கு மதகுப் படம் போட்டுத்தான் சொன்னேன். நோட்டில் இரண்டு அளவுக் கல்லையும் பார்த்துப் பார்த்து வரைந்தாள். அப்புறம் தலையைத் தூக்கி, "அப்ப எங்கயும் நிக்காது மிஸ். அவரு எவ்வளவு கேக்கறாரோ அவ்வளவு கிட்ட வரும்" என்றாள். இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்?

அப்பாவுக்கு இப்போது எழுபத்தெட்டு. திண்ணையில் படுத்துக்கொண்டு அத்தனையும் கேட்டிருக்கிறார். பிள்ளைகள் போனதும் கூப்பிட்டார்.

"ஏம்மா, அந்த ஏ.இ. அரை அங்குலம், கால் அங்குலம்னு குறைச்சுக்கிட்டே போறாரே, எப்பதான் போதும்பாரு?"

"போதும்னே சொல்ல மாட்டாருப்பா. அதான் கணக்கே."

கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்தார்.

"அப்ப நான் வேற செக்‌ஷனுக்கு மாத்தல் கேட்டுருப்பேன்."